தையல் பிரிந்த பிறகு வராதீர்கள்

கூத்தைப்பார், நவல்பட்டுப் பக்கமிருந்து திருவெறும்பூருக்கு வரும் பச்சை உடம்புக்காரிகளில் சிலர் நாற்காலியில் ஒருக்களித்துத்தான் உட்காருவார்கள். "குழந்தைக்குச் சளி டாக்டர்" என்பார் மாமியார். அவர் சீட்டு வாங்கப் போன நேரத்தில் அந்தப் பெண் சொல்வாள்: "கீழ்த் தையல்ல சீழ் வருதுங்க." பிரசவத்தில் போட்ட தையல். எத்தனை நாளாக? ஒரு வாரமாக!

வேப்பிலையும் சாம்பிராணியும்

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்புகிறார்கள். பற்று காய்ந்து தையல்மேல் ஏடாகப் படிந்துவிட்டால், அடியில் சீழ் பிடிப்பதே தெரியாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அடித்து ஊற்றினால் வீங்கிய தோல் வெந்துபோகும். சாம்பிராணி நெருப்புக்கு மேல் உட்கார வைப்பதும் அப்படித்தான். கை பொறுக்கும் சூட்டில், சுத்தமான டப்பில் பத்து நிமிடம் உட்காரட்டும். பிறகு ஒற்றித் துடைத்தால் போதும்.

'பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது' என்று முதலில் சொன்னவர் யாரென்று தேடிக்கொண்டிருக்கிறேன். தண்ணீரைக் குறைத்து, கீரையையும் பழத்தையும் நிறுத்தினால் மலம் கல்லாக இறுகும். முக்க முக்கத் தையல் என்ன பாடுபடும்? பூண்டுக் குழம்பு தாராளமாகக் கொடுங்கள். கூடவே சொம்பு நிறையத் தண்ணீரும் கொய்யாவும் கொடுங்கள்.

அடுத்தது மெடிக்கலில் கேட்டு வாங்கும் நாலு மாத்திரை. ஆன்டிபயாட்டிக்கை இரண்டு நாள் போட்டு, வலி குறைந்ததும் நிறுத்திவிட்டு வருகிறார்கள். கட்டிய சீழ் மாத்திரைக்கு மட்டும் கரையாது அம்மா, திறந்துவிட வேண்டும்.

வாய்விட்டுச் சொல்லாத தொல்லை

காற்றை அடக்க முடியவில்லை, தெரியாமல் மலம் கசிகிறது என்றால் கிழிசல் ஆசனவாய்த் தசைவரை போயிருக்கலாம். "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று மூடி மறைக்காதீர்கள். பயிற்சியிலோ அறுவை சிகிச்சையிலோ பெரும்பாலும் சரிசெய்யலாம். காய்ச்சல், நாற்றம், நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தால் அன்றைக்கே வாருங்கள். நேரில் பார்ப்பதுதான் முதல் பரிசோதனை. தேவைப்பட்டால் சீழ் கல்ச்சர், ஸ்கேன்.

கிழியாமல் பார்க்க

எல்லோருக்கும் வழக்கமாக வெட்டித் தையல் போட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. தலை இறங்கும்போது வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுத்தால் பெரிய கிழிசல் குறையும். தலைச்சன் பிரசவமா? 35-வது வாரத்திலிருந்து பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்தில் மெதுவாக மசாஜ் செய்யலாம். உங்களுக்குச் செய்யலாமா என்று செக்கப்பில் கேளுங்கள். சொந்தக்காரர்களே, வாசலில் நின்று "சீக்கிரம் எடுங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள். வயிற்றை மேலிருந்து அமுக்கச் சொல்லவே சொல்லாதீர்கள்.

மாமியார்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது குழந்தையை மட்டும் காட்டி அனுப்பாதீர்கள். தயவுசெய்து நீங்கள் வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள். மருமகள் தையலைக் காட்டட்டும்.