ஒரே அச்சு, மூன்று புகார்

ஹோண்டா 1970இல் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட யுஎஸ்90தான் பின்னாளில் ஏடிசி90 ஆனது. மணலிலும் சேற்றிலும் ஓடும் மூன்று சக்கர வண்டி. பலூன் மாதிரி உப்பிய டயர்கள். சஸ்பென்ஷன் கிடையாது, டயர்தான் எல்லாம். அடிக்கடி கவிழ்ந்து ஆட்களைக் காயப்படுத்தியதால் 1988இல் அங்கே இந்த வகைப் புது வண்டி விற்பது நின்றுபோனது. பழையவற்றை இன்றும் கழற்றி மாட்டி ஓட்டுகிறார்கள்.

நம் ஆட்டோவில் டிஃபரென்ஷியல் உண்டு. வளைவில் இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். ஏடிசியில் அது கிடையாது. பின்னால் ஒரே அச்சுக் கம்பி, இரு முனையிலும் சக்கரம். அதனால் ஓட்டுபவர் வெளிப்பக்கக் காலில் எடையை ஊன்றி, உடம்பை உள்பக்கம் சாய்க்க வேண்டும். அப்போதுதான் உள்சக்கரம் லேசாகி வழுக்கிக் கொடுக்கும்.

செயின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக்கும் அதே கம்பியில்தான். ஆகவே செயின் சத்தம், பிரேக் பிடிக்கவில்லை, பின்பக்கம் ஆடுகிறது என்று எந்தப் புகார் வந்தாலும் முதலில் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டையில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். 'டொக்' என்றால் பேரிங் போய்விட்டது.

டிஸ்க் பிரேக் வண்டியில் இந்த ஆட்டம் வேடிக்கை காட்டும். அச்சு ஆட, டிஸ்க்கும் ஆடி பேடுகளைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்த முறை பிரேக் பிடித்தால் முதல் அழுத்தம் வெறுமையாகப் போகும், இரண்டாவதில்தான் பிடிக்கும். பிரேக் ஆயிலில் காற்று என்று நினைத்து நாள் முழுக்க பிளீட் செய்பவர்கள் உண்டு. பாவம், ஆயில்தான் வீண். டிரம் வண்டியில் கதை வேறு: சீல் கிழிந்து சேறு உள்ளே போகும், கிரீஸும் ஷூவில் கசியும். கிரீஸ் ஊறிய ஷூவைக் கழுவி மாட்டாதீர்கள், மாற்றுங்கள். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஊதவே கூடாது.

பேரிங் சரியான பிறகுதான் செயின். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறம் செயினை இழுத்துப் பாருங்கள். பல் பாதி தெரிந்தால் தேய்ந்த செயின். எவ்வளவு இறுக்கினாலும் உதவாது. நல்ல செயின் என்றால் சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் தொய்வை அளந்து வையுங்கள். லாக் கிளிப்பின் பிளந்த வாய் செயின் ஓடும் திசைக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஒரு குச்சி தட்டினாலும் கழன்றுவிடும்.