ஒரு சாவி, பதினொரு வீடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்)

எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடு ஊதியமில்லாத ஓர் உத்தியோகமும் எனக்கு வந்து சேர்ந்தது. உதவித்தொகையா, வருமானச் சான்றிதழா, முதியோர் ஓய்வூதியமா, எதுவானாலும் "தம்பி, கொஞ்சம் போட்டுக் குடுப்பா" என்று கைப்பேசியோடு வந்து நிற்பார்கள். விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்கும் கட்டம் வரும். அவர்களிடம் அது ஏது? என்னுடையதையே எழுதிவிடுவேன். இப்படியாகப் பதினொரு வீடுகளின் ஆதார் நகல்களும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்களும் என் ஒரே அஞ்சல் பெட்டியில் குடியேறின. சென்ற ஆண்டு அந்தப் பெட்டியின் சாவியை நானே ஒரு திருடன் கையில் கொடுத்தேன்.

"உங்கள் கல்வி உதவித்தொகை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இன்று மாலை 5 மணிக்குள் விவரங்களைச் சரிபார்க்கவும்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. என் தந்தையார் சித்தாள் வேலைக்குப் போகிறவர். அந்தத் தொகை நின்றால் என் படிப்பும் நிற்கும். யோசிக்கவில்லை, அழுத்தினேன். திறந்த பக்கம் அசலைப் போலவே இருந்தது. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டது, அதையும் கொடுத்தேன். இரவு எட்டு மணிக்கு என் பள்ளி ஆசிரியர் அழைத்தார். "என்னப்பா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? ஐயாயிரம் அவசரம்னு எழுதியிருக்கியே!"

அந்த ஆறு இலக்க எண் இருந்தால் பயமில்லை என்று நம் நண்பர்கள் பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். போலிப் பக்கத்தில் நான் எழுதிய எண்ணை, அது காலாவதியாகும் முன்பே அவன் அசல் பக்கத்தில் எழுதி உள்ளே போய்விட்டான். அந்த எண் கடவுச்சொல்லை மட்டும் திருடியவனைத் தடுக்கும். எண்ணையும் நாமே கொடுத்துவிட்டால் எதைத் தடுக்கும்? இப்போது வந்துள்ள 'பாஸ்கீ' என்ற முறை அசல் தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டது. போலித் தளத்தில் அது வேலை செய்யாது.

அனுப்பியவர் பெயர் சரியாகத்தானே இருந்தது என்று கேட்பீர்கள். 1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பியபோது அந்த வலையமைப்பில் இருந்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள் சிலரே. 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறையும் அனுப்புநர் உண்மையானவர்தானா என்று சோதிக்கவில்லை. தபால் உறையின் மூலையில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அப்படித்தான். பின்னாளில் சில சோதனைகளைச் சேர்த்தார்கள். ஆயினும் திரையில் தெரியும் பெயர் இன்றும் அவரவர் சூட்டிக்கொள்வதே.

பார்க்க வேண்டியது தளத்தின் முகவரியை. அதில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பதுதான் ஊர். அதற்கு முந்தியவை தெருவும் கதவிலக்கமும் போல. தேசிய உதவித்தொகைத் தளம் 'ஸ்காலர்ஷிப்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடியும். எனக்கு வந்ததிலும் இத்தனையும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் வேறொரு சொல்லும் 'டாட் காம்' என்பதும் ஒட்டியிருந்தன. ஊரே வேறு! பூட்டுப் படம் இருந்ததே என்றும் ஏமாற வேண்டாம். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்பதல்ல. மக்கள் இப்படித் தவறாக எண்ணுவதாலேயே குரோம் உலாவி 2023-இல் அந்தப் படத்தை எடுத்துவிட்டது.

அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றினேன். நல்லவேளையாக அவன் அதை மாற்றியிருக்கவில்லை. ஆனால் வேலை அதோடு முடியவில்லை. கணினித் துறை அண்ணன் ஒருவர் அமைப்புகளைத் திறந்து காட்டியபோது, எனக்கு வரும் ஒவ்வோர் அஞ்சலின் நகலும் அறிமுகமில்லாத முகவரி ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. கதவின் பூட்டை மாற்றிவிட்டேன், கொல்லைப்புறம் திறந்தே கிடந்தது! அதை நீக்கி, பிற கருவிகளிலிருந்தெல்லாம் வெளியேற்றி, மீட்பு எண் என்னுடையதுதானா என்று பார்த்த பிறகே மூச்சு வந்தது.

ஆசிரியர் விசாரித்ததால் அவர் பணம் தப்பியது. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவும் முன்பு சொன்னால் வங்கிகள் அதை நிறுத்தி வைக்க முடியும். வெட்கப்பட்டு மறுநாள் சொல்பவருக்கு அந்த வாய்ப்பு குறைவு.

மறுநாள் பதினொரு வீடுகளுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஏமாந்தான் என்று சொல்ல நாக்குக் கூசியது. யாரும் ஏசவில்லை. எதிர்வீட்டு அத்தை மட்டும், "என் நகை அடகுச் சீட்டும் அதுல இருந்துதாடா?" என்றார். இல்லை என்றேன். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி தொடங்கி வருகிறேன். அத்தை தம் கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். சிரிக்காதீர்கள், எங்கோ உட்கார்ந்து வலைவீசுபவனால் அந்தப் பெட்டியைத் திறக்க முடியாது. ஒன்பது வீடுகள் முடிந்தன. இன்னும் இரண்டு பாக்கி.