தொடரியல் பிழையைச் சுட்டும் இடம்: தமிழில் அமைந்த நிரல் வரிகளை முன்வைத்து

முன்னுரை

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள் பதினோராம் வகுப்பில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் கற்கின்றனர். தனியே பயிற்சி செய்யும் மாணவருக்குப் பிழைச்செய்தியே வழிகாட்டி. அது வேறோர் இடத்தைச் சுட்டினால், சரியாக எழுதிய வரியை அவர் மாற்றிக் கெடுக்க நேரிடும். எனவே எங்கே சுட்டுவது என்பது ஆராயத்தக்கது.

உணரும் இடமும் நேர்ந்த இடமும்

கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி, நிரலை வில்லை வில்லையாகப் படிக்கிறது. இலக்கணத்திற்குப் பொருந்தாத முதல் வில்லையில்தான் பிழையை உணர்கிறது. சி++ நிரலின் 5-ஆம் வரி இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டால், 6-ஆம் வரியின் முதற்சொல்லே பொருந்தாததாகத் தோன்றும். திருத்த வேண்டியதோ 5-ஆம் வரியின் இறுதி. கிளாங் நிரல்பெயர்ப்பி அவ்விறுதியையே சுட்டுகிறது.

அடைப்புக்குறி மூடப்படாதபோது இவ்விடைவெளி பெருகுகிறது. கோப்பின் இறுதியில்தான் குறை வெளிப்படக்கூடும். 2021-இல் வெளியான பைத்தான் 3.10, திறந்த குறியைச் சுட்டி, அது மூடப்படவில்லை என அறிவிக்கிறது. எங்கே மூட வேண்டும் என்பதை எழுதியவரே அறிவார்; எது திறந்துள்ளது என்பதையே கணினி உறுதியாகக் கூற இயலும்.

தமிழ் எழுத்தும் எண்ணிக்கையும்

வரி சரியாக அமைந்தும் அதனுள் இடம் பிறழலாம். பிழையுள்ள வரியை அச்சிட்டு, அதன்கீழ் வெற்றிடங்களை விட்டுக் கூரைக்குறி இடுவது பல கருவிகளின் வழக்கம். ‘ஸ்ரீரங்கம்’ என்னும் பெயர் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடு குறியெண்களாக 10. யுடிஎஃப்-8 முறையில் 30 பைட்டு. ‘திருச்சிராப்பள்ளி’ என்பது முறையே 9, 17, 51. ஆங்கில எழுத்துகளுக்கு இம்மூன்று எண்ணிக்கையும் ஒன்றே. பைட்டுகளை எண்ணி இடும் குறி, ஸ்ரீரங்கத்தை அடுத்து நேர்ந்த பிழையைத் தாண்டி வெகுதொலைவில் விழும்.

2021-இல் வெளியான ஜிசிசி 11, நிரல் எண்ணைப் பைட்டுகளால் அன்றித் திரையில் தோன்றும் அகலத்தால் கணக்கிடத் தொடங்கியது. எனினும் தமிழ் எழுத்தின் அகலம் எழுத்துருவுக்கு ஏற்ப மாறுவதால் குறி பிறழ வாய்ப்பு உண்டு. ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ எனக் கட்டளைச் சொற்களையே தமிழில் கொண்ட எழில் போன்ற மொழிகளில் இச்சிக்கல் ஏறத்தாழ ஒவ்வொரு வரியிலும் எழும்.

முடிவுரை

பிழைச்செய்தி, பிழை உணரப்பட்ட சொல்லையும் அதற்குக் காரணமாகக் கூடிய முந்தைய இடத்தையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். தமிழ் வரிகளில் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், அச்சொல்லையே எடுத்துக்காட்டுவதோ அடிக்கோடிடுவதோ நன்று. சொல்லைக் கண்டவுடன் மாணவர் இடத்தை அறிவர். எண்ணைக் கண்டவர் எழுத்தை எண்ணத் தொடங்குவர்.