தொண்டைமான் மட்டும் கேட்ட பேச்சு

மாம்பழத்துக்கும் ஒகேனக்கல் அருவிக்கும் மட்டுமே வெளியூரார் வாயில் அடிபடுகிற தருமபுரிக்கும் அயல்நாட்டு ராஜதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தூதுமொழிகளுள் ஒன்று, தகடூர் என்று அந்நாளில் பெயர் பெற்றிருந்த இந்த ஊரிலிருந்துதான் புறப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் சென்ற வரலாறு பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததாகையால் அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. புறநானூற்றின் 95-ஆம் பாட்டும் அதன் கீழுள்ள கொளுவும் சொல்கிற செய்தியில் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்தோடு திறந்து காட்டிய அரசனிடம், இவையெல்லாம் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிற கருத்துப்பட அந்த அம்மையார் பேசினார். புகழ்ச்சியாகச் செவியில் விழுந்து, எச்சரிக்கையாக நெஞ்சில் இறங்க வேண்டிய பேச்சு அது.

உலகத்துத் தூதர்கள் சமூக ஊடகங்களை எவ்வாறு பிரயோகிக்கிறார்கள் என்பதைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டும் என்று ஆசிரியர் குழு பணித்தபோது, என் மனம் வாஷிங்டனுக்கோ ஜெனீவாவுக்கோ போகாமல் அந்தக் கொட்டிலின் வாசலிலேயே போய் நின்றுவிட்டது. அந்தப் பேச்சு அன்று மாலையே எக்ஸ் தளத்தில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். தொண்டைமானின் குடிகள், எதிரியின் தூதரே நம் ஆயுதங்களைக் கொண்டாடிவிட்டார் என்று அதைப் பகிர்ந்து ஆரவாரித்திருப்பார்கள். உள்ளே இருந்த எச்சரிக்கை அந்த ஆரவாரத்தில் அமுங்கிப் போயிருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து தகடூரில் விளைந்திருக்கும். நம் அரசனின் வேலும் வாளும் முறிந்து கிடக்கின்றன என்று அயலான் வீட்டில் போய்ச் சொல்ல இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று அதியமானின் மக்களே அவரைத் தேசத் துரோகி என்று ஏசி, திரும்ப அழைக்கும்படி முழங்கியிருப்பார்கள். வஞ்சப் புகழ்ச்சி என்கிற அந்த நுட்பமான கருவி, கேட்பவன் ஒருவனாக இருக்கும் இடத்தில் மட்டுமே கூர்மையாக வேலை செய்யும். இரண்டு கூட்டங்கள் ஒரே நேரத்தில் ஒட்டுக் கேட்குமானால் அது இரண்டு பக்கமும் தவறாகவே வெட்டும்.

இந்தச் சாதனங்கள் தூதரகங்களுக்குள் நுழைந்த கதை நீண்டதன்று. 2007-இல் ஸ்வீடன் தேசம் செகண்ட் லைஃப் என்னும் கணினிக் கற்பனை உலகத்தில் ஒரு தூதரகத்தையே திறந்து வைத்தது. நம் வெளியுறவு அமைச்சகம் 2006-இல் மக்கள் தொடர்பு ராஜதந்திரத்துக்கென ஒரு பிரிவை ஏற்படுத்தி, 2010-இல் ட்விட்டரில் கணக்குத் தொடங்கி, மறு ஆண்டிலேயே லிபியாவில் சிக்கிய இந்தியர்களை மீட்கும் காரியத்தில் அதைப் பயன்படுத்திக் கொண்டது. 2017-இல் டென்மார்க், தேசங்களுக்கு அனுப்புவதைப் போலவே பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களோடு பேசுவதற்கென்று ஒரு தூதரை நியமித்தது. இவற்றின் சௌகரியங்களைப் பட்டியலிடுவோர் பலர் இருப்பதால், அந்த வேலையை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

எனக்குக் கவலை தருவது வேறு. 2018 ஆகஸ்டில் கனடாவின் வெளியுறவுத் துறை, சவூதி அரேபியாவில் சிறைப்பட்ட பெண் உரிமைப் போராளிகளை உடனே விடுவிக்க வேண்டும் என்று ட்விட்டரில் எழுதியது. அது அரபு மொழியிலும் வெளியாயிற்று. முன்பெல்லாம் இப்படிப்பட்ட கோரிக்கை, ஒரு மூத்த தூதர் மற்றொரு நாட்டு அதிகாரியின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம். சொல்லப்பட்டவர் முகம் கெடாமல் இசையவும் இசையாதிருக்கவும் அங்கே இடம் உண்டு. அரபு மொழியில் அரபு மக்களின் கைபேசிகளிலேயே அது போய் இறங்கியபோது அந்த இடம் அடைபட்டுப் போயிற்று. சவூதி அரசு கனடாவின் தூதரை வெளியேற்றியது, புதிய வர்த்தகத்தை நிறுத்தியது, அங்கே படித்துக் கொண்டிருந்த தன் மாணவர்களைத் திரும்பி வரச் சொன்னது. மீண்டும் இரு நாடுகளும் தூதர்களை அனுப்பிக்கொள்ள இசைந்தது 2023 மே மாதத்தில்தான். சில வரிகளுக்கு விலை, ஏறக்குறைய ஐந்து ஆண்டு. 2024 ஜனவரியில் மாலத்தீவின் மூன்று துணை அமைச்சர்கள் லட்சத்தீவு விஷயமாக எழுதிய பதிவுகளுக்காகத் தங்கள் அரசாலேயே தற்காலிக நீக்கம் செய்யப்பட்டதும், நம் ஊர் இளைஞர்கள் பலர் மாலத்தீவுச் சுற்றுலாவை ரத்துச் செய்யும்படி ஒருவரையொருவர் தூண்டிக்கொண்டதும் எல்லோரும் அறிந்ததே. அந்தப் பதிவுகள் டெல்லியை நோக்கி எழுதப்பட்டவை என்று நான் நம்பவில்லை. மாலேயில் கைதட்டுவதற்குக் காத்திருந்தவர்களை நோக்கி எழுதப்பட்டவை என்றே நினைக்கிறேன்.

அந்நியனிடம் பேசுவது போல நின்று, சொந்த ஊர்க் கூட்டத்தின் கைதட்டலுக்காகப் பேசுவது என்கிற இந்த வழக்கம் கைபேசியோடு பிறந்ததல்ல என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 1870 ஜூலையில் எம்ஸ் நகரத்திலிருந்து வந்த ஒரு தந்தியைப் பிரஷ்யாவின் பிரதம மந்திரி சுருக்கி, இரு தேசத்தாரும் அவமானம் அடைந்ததாக நினைக்கும்படி பத்திரிகைக்குக் கொடுத்ததும், ஆறே நாளில் பிரான்ஸ் யுத்தப் பிரகடனம் செய்ததும் ஐரோப்பிய சரித்திரம். நம் மண்ணிலோ அதற்கும் முந்தைய உதாரணம் இருக்கிறது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோது தருமபுரியும் கை மாறிற்று. அதே உடன்படிக்கைக்குப் பிணையாக அவருடைய சிறு வயது மைந்தர் இருவர் கும்பெனியாரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அந்தக் குழந்தைகளைக் கவர்னர் ஜெனரல் வரவேற்கிற காட்சியை ஓவியர் பலர் தீட்டினார்கள். அவற்றின் அச்சுப் பிரதிகள் இங்கிலாந்தில் பரவின. உடன்படிக்கையின் ஷரத்துகளைப் படித்தவர்கள் சிலர், படத்தைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் அநேகர். எந்த நாடு, எந்த வரி, எவ்வளவு பணம் என்பதெல்லாம் மறைந்து, கருணை மிக்க வெற்றி வீரரும் தலைப்பாகை அணிந்த இரண்டு குழந்தைகளும் மட்டும் நின்றார்கள். இன்று வெளியுறவு அமைச்சர்கள் கைகுலுக்கும் புகைப்படங்களைத் தூதரகங்கள் வெளியிடுகிற வேகத்தைக் காணும்போது, பாராமகாலைக் கொடுத்து வாங்கிய அந்தப் படங்களே எனக்கு ஞாபகம் வருகின்றன.

பகிரங்கமாகப் பேசுவதும் ராஜதந்திரமே என்று வாதிப்பவர்களுக்கு ஒரு பலமான சாட்சி உண்டு. அதையும் தருமபுரியே கொடுக்கிறது. மௌரியச் சக்கரவர்த்தி அசோகன், கிர்நார் முதலிய இடங்களில் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனத்தில், தன் எல்லைக்கு அப்பாலிருந்த சோழ, பாண்டிய, கேரளபுத்திர நாடுகளோடு சதியபுத்திர நாட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான். அந்தச் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுநாள் தர்க்கித்தார்கள். திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் கண்டெடுக்கப்பட்டு 1981-இல் வெளிவந்த தமிழ்க் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என்று அழைத்ததனால், தகடூர் அதியர் குடியே அது என்று பெரும்பாலோர் இசைந்தனர். ஆகவே ஓர் அயல்நாட்டு மன்னன் எல்லோரும் காண எழுதி வைத்த பதிவில், நம் தகடூராரின் குடி சுமார் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இடம்பெற்றுவிட்டது. ஆனால் அசோகன் அங்கே எழுதியது, மனிதர்க்கும் விலங்குகளுக்கும் வைத்தியம் ஏற்படுத்தினேன், மூலிகைகள் கிடைக்காத இடங்களில் அவற்றைக் கொண்டுபோய் நட்டேன் என்பதாகும். செய்து முடித்ததைச் சொன்னானேயொழிய, அண்டை நாட்டான் என்ன செய்ய வேண்டும் என்று அவன் குடிகள் முன்னிலையில் உபதேசிக்கவில்லை. இன்றைய பதிவுகளில் முதல் வகை அபூர்வமாகவும் இரண்டாம் வகை தாராளமாகவும் கிடைக்கின்றன.

வள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்க, பரிமேலழகர் தூதரை, தான் வகுத்துக் கூறுவான் என்றும் கூறியது கூறுவான் என்றும் இருவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். முன்னவன் சபையையும் காலத்தையும் பார்த்துத் தன் புத்தியால் சொல்லை அமைத்துக் கொள்பவன். பின்னவன் அரசன் சொன்னதைப் பிறழாமல் ஒப்பிப்பவன். தலைநகரத்து அலுவலகம் காலையில் எழுதிய ஒரே வாக்கியத்தை உலகெங்கும் உள்ள தன் தூதரகங்கள் அனைத்தும் அதே ஹேஷ்டேக்கோடு மதியத்துக்குள் மறுபதிவு செய்கிற இக்காலத்து வழக்கம், எந்த நாட்டு வழக்கமானாலும், எல்லாத் தூதரையும் இரண்டாம் வகைக்குள் தள்ளிவிடுகிறது. ஒரு தேசத்தில் பல ஆண்டு தங்கி, அதன் பாஷையையும் கோபதாபங்களையும் கற்றுக்கொண்டு, இன்ன இடத்தில் இன்ன சொல் சுடும் என்று அறிந்தவருக்கு அந்த அறிவைப் பிரயோகிக்கச் சந்தர்ப்பமே இல்லாமற் போகிறது. இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்ட பிறகோ, அவர் தயக்கத்தோடு சொன்ன சொல்லும் தயக்கமின்றியே எதிர்த்தரப்பாரின் கைபேசியில் போய்ச் சேரும். அழித்துவிட்டாலும் ஸ்கிரீன்ஷாட்டாக உயிரோடிருக்கும்.

ஆபத்துக் காலத்தில் இவை உயிர் காக்கின்றன என்பார்கள், உண்மைதான். 2022 மார்ச் 2-ஆம் தேதி, கார்கிவ் நகரத்தை விட்டு உடனே வெளியேறுங்கள், வாகனம் கிடைக்காவிட்டால் நடந்தாவது பெசோச்சின், பாபாயே, பெஸ்லியுதோவ்கா ஆகிய ஊர்களை மாலை ஆறு மணிக்குள் அடையுங்கள் என்று உக்ரைனிலிருந்த நம் தூதரகம் சமூக ஊடகத்திலேயே அறிவித்தபோது, வைத்தியம் படிக்கப் போன நம் பிள்ளைகளுக்கு அதைவிட வேகமான தூது வேறெதுவும் இருந்திருக்க முடியாது. 2014 முதல் 2019 வரை வெளியுறவுப் பொறுப்பிலிருந்த அம்மையார், பாஸ்போர்ட் தொலைத்தவர்களுக்கும் வளைகுடாவில் அல்லலுற்றவர்களுக்கும் ட்விட்டரிலேயே பதில் சொன்னதையும், செவ்வாய்க் கிரகத்தில் சிக்கினாலும் அங்குள்ள தூதரகம் உதவும் என்று வேடிக்கையாக எழுதியதையும் நாடே ரசித்தது. ஆனால் இவையெல்லாம் ஓர் அரசு தன் குடிகளோடு பேசிய பேச்சு. இரண்டு அரசுகள் ஒன்றோடொன்று பேசும் பேச்சுக்கு இவற்றை முன்மாதிரியாகக் காட்டுவதில்தான் என் ஆட்சேபம் இருக்கிறது.

பேச்சைக் காட்டிலும் மௌனம் அந்த உரையாடலில் பெரிய சாதனம். இது அயல்நாட்டு விஷயத்தில் மட்டுமல்ல, அண்டை மாநிலத்து விஷயத்திலும் மெய்யென்பதற்குத் தருமபுரிக்காரர்கள் தொலைதூரம் போக வேண்டாம். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லிலும் எலும்பிலும் நோய் ஏறிய இம்மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காக, 1.4 டி.எம்.சி. நீர் எடுத்துக்கொள்ள 1998-லேயே இசைவு ஏற்பட்டிருந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு வேலை தொடங்க இருந்த 2008-இல் இரு மாநிலங்களிலும் கிளர்ச்சி மூண்டது. பஸ்கள் நின்றன, திரைப்படக் கலைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்போது தமிழ்நாட்டு அரசு, கர்நாடகத்தில் தேர்தல் முடியும் வரையில் திட்டத்தை ஒத்திவைப்பதாக அறிவித்தது. அதைப் பின்வாங்கல் என்று ஏசியவர்கள் இங்கே பலர். கைபேசியில் நாள் முழுதும் சண்டை ஓடுகிற இன்று, எந்த அரசாவது அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாதக்கணக்கில் வாய் திறவாமல் இருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே; மணிக்கொரு முறை பதில் கேட்பார்கள், பதில் வந்தால் அதற்கு எதிர்ப்பதில் வரும், எதிர்ப்பதிலுக்கு மறுபடியும் பஸ் நிற்கும். அன்று அது வாய்த்தது. தேர்தல் முடிந்தது, கூட்டம் கலைந்தது, ஜப்பானோடு செய்த கடன் ஏற்பாடு ரத்தாகவில்லை, குழாய் பதிக்கும் வேலையும் பிறகு நடந்தது. 2013-இல் காவிரி நீர் இந்த மாவட்டத்துக் குழாய்களுக்கு வந்து சேர்ந்தது.