அழுகிய கத்திரிக்காயில் கிடைத்த மருந்து... முதல் வருஷ மாணவர்களின் ‘ஃபேஜ்’ வேட்டை!

தோட்டத்து உரக்குழியில் ஒரு கத்திரிக்காய் அழுகிக் கிடக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவீர்கள், அவ்வளவுதானே!

2010-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு கல்லூரி மாணவி அப்படி நகர்ந்து போகவில்லை. அந்தக் கத்திரிக்காயின் அடிப்பக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். அதிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து, அதற்கு ‘மடி’ என்று பெயர் வைத்தார். நம்ம ஊர் மடி இல்லைங்க, ஆங்கிலத்தில் ‘சேறு படிந்தது’ என்று அர்த்தம்.

எட்டு வருடம் கழித்து, 2018 ஜூன் மாதம், லண்டனில் ஒரு பதின்வயதுப் பெண்ணின் ரத்தத்தில் அதே வைரஸ் ஏற்றப்பட்டது. ஆன்டிபயாடிக் எதுவும் கேட்காமல், மருத்துவர்கள் கிட்டத்தட்ட நம்பிக்கை இழந்திருந்த பெண் அவர்.

“என்னது, வைரஸை ரத்தத்துல ஏத்தினாங்களா?” என்று பதறுகிறீர்களா? பொறுங்கள். இது நம்மைத் தாக்கும் வைரஸ் இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்.

யார் இந்த ஃபேஜ்?

பாக்டீரியாவுக்கும் வைரஸ் தொல்லை உண்டு. அந்த வைரஸ்களின் பெயர்தான் ‘பாக்டீரியோஃபேஜ்’. ‘பாக்டீரியாவைத் தின்பது’ என்று பொருள். சுருக்கமாக, ஃபேஜ். ஒரு தலை, அதற்குள் டி.என்.ஏ, பெரும்பாலானவற்றுக்கு ஒரு வால். வாலால் பாக்டீரியா மேல் ஒட்டிக்கொண்டு, டி.என்.ஏ-வை உள்ளே செலுத்தும். அப்புறம் அந்த பாக்டீரியாவையே தன் தொழிற்சாலையாக மாற்றி, நகல்களைப் பெருக்கி, கடைசியில் அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

இதன் கதையில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. 1896-லேயே எர்னெஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், கங்கை, யமுனை நீரில் காலரா கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாக எழுதினார். 1917-ல் ஃபெலிக்ஸ் டி ஹெரெல் என்பவர்தான் பாக்டீரியோஃபேஜ் என்ற பெயரை வைத்தார். உலகிலுள்ள மொத்த ஃபேஜ்களின் எண்ணிக்கை, 1 போட்டு 31 பூஜ்யங்கள் சேர்த்தால் வரும் எண் என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். உங்கள் வீட்டுத் தொட்டி மண்ணிலும் இருக்கும். யாரும் இதுவரை பார்த்திராத ஒரு ஃபேஜ்கூட அதில் இருக்கலாம்.

அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் ஒரு கல்லூரிப் பாடத்தையே உருவாக்கினார்கள்.

விடை தெரியாத பிராக்டிக்கல்

நாம் படித்த பிராக்டிக்கல் வகுப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். என்ன வரவேண்டும் என்று ரெக்கார்டு நோட்டில் முதலிலேயே இருக்கும். அது வரவில்லை என்றால், பக்கத்து டேபிளில் எட்டிப் பார்த்து எழுதிவிடுவோம். சீனியர் நோட்டும் கைகொடுக்கும். மார்க் வந்துவிடும், அறிவியல் வந்ததா என்றால்... ம்ஹூம்!

அமெரிக்காவிலும் பல கல்லூரிகளில் இதே கதைதான். அறிவியல் படிக்க ஆசையோடு வருபவர்களில் கணிசமானவர்கள், முதல் ஓரிரு வருடங்களிலேயே வேறு பாடத்துக்கு மாறிவிடுகிறார்கள். இதை மாற்ற, ஹோவார்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரஹாம் ஹாட்ஃபுல்லும் சேர்ந்து 2008-ல் தொடங்கியதுதான் ‘சீ-ஃபேஜஸ்’ திட்டம். முதலில் 12 கல்லூரிகள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில், வருடத்துக்கு ஆயிரக்கணக்கான மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். டர்பன் மாணவி செய்ததும் இதே பாணியிலான வேட்டைதான்.

யார் சேரலாம்? முதல் வருட மாணவர்கள். முன் அனுபவம் வேண்டாம். ‘முதல்ல மூணு வருஷம் படி, அப்புறம் ஆராய்ச்சி பண்ணலாம்’ என்ற வரிசையை அப்படியே தலைகீழாக்கிவிட்டார்கள்.

ஒரு கைப்பிடி மண்ணில் தொடங்கும் செமஸ்டர்

முதல் வேலை, மண் எடுப்பது. கல்லூரி மரத்தடி, பாட்டி வீட்டுத் தோட்டம், உரக்குழி என்று எங்கிருந்தும் எடுக்கலாம். எடுத்த இடத்தையும் நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும்.

அந்த மண்ணை ஊட்டச்சத்து நீரில் கலக்கி, மிக நுண்ணிய ஃபில்டரில் வடிகட்டுவார்கள். அதன் துளை 0.22 மைக்ரான். பாக்டீரியா அதில் நுழைய முடியாது, ஃபேஜ் நழுவி வந்துவிடும். வடிகட்டிய நீரை பாக்டீரியாவோடு சேர்த்து, இளஞ்சூடான அகர் கூழில் கலந்து, பெட்ரி தட்டில் ஊற்றி, 37 டிகிரி சூட்டில் வைத்துவிடுவார்கள்.

பாக்டீரியா என்றதும் பயம் வேண்டாம். பெரும்பாலும் பயன்படுவது ‘மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ்’. காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரன், ஆனால் சாது. காசநோய்க் கிருமி தட்டில் வளர வாரக்கணக்கில் ஆகும். இது இரண்டு மூன்று நாளில் தட்டை நிறைத்துவிடும். செமஸ்டர் முடிவதற்குள் வேலை நடக்க வேண்டுமே!

ஒன்றிரண்டு நாளில் தட்டைத் திறந்து பார்த்தால், வெண்மையான பாக்டீரியாப் படலத்தின் நடுவே அங்கங்கே சின்னச் சின்னத் தெளிவான வட்டங்கள். ஃபேஜ் பாக்டீரியாவைத் தீர்த்துக்கட்டிய இடங்கள் அவை. ‘பிளாக்’ என்பார்கள்.

வட்டம் வராமலும் போகலாம். பூஞ்சை படிந்து தட்டே வீணாகலாம். அப்படியானால் மறுபடி மண் எடுக்க வேண்டியதுதான். பக்கத்து டேபிளைப் பார்த்து எழுத முடியாது, அவர் மண் வேறு, உங்கள் மண் வேறு. ஆசிரியருக்கும் விடை தெரியாது. இந்தப் பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

வட்டம் கிடைத்துவிட்டால், அதில் ஒன்றைத் தொட்டெடுத்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, மறுபடி தட்டில் வளர்ப்பார்கள். ஒரே வகை ஃபேஜ்தான் இருக்கிறது என்று உறுதியாகும்வரை இது திரும்பத் திரும்ப நடக்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அப்புறம் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அதன் படம், கூடவே அதன் டி.என்.ஏ.

பெயர் வைப்பது கண்டுபிடித்தவர் உரிமை. ‘மடி’ மாதிரி ‘கார்ன்டாக்’ என்றுகூட ஒரு ஃபேஜ் இருக்கிறது. 18 வயதில் உலகில் இல்லாத ஒரு பெயரை அறிவியலில் சேர்ப்பது சின்ன விஷயமா என்ன?

இரண்டாவது செமஸ்டர், நாலே எழுத்தில் ஒரு புத்தகம்

அடுத்த செமஸ்டரில் மண் வாடை போய், கம்ப்யூட்டர் வரும். வகுப்பில் கிடைத்த ஃபேஜ்களில் சிலவற்றின் டி.என்.ஏ வரிசை முழுவதையும் படித்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த வகை ஃபேஜ்களில் சராசரியாக 70,000 எழுத்துகள் இருக்கும். ஆனால் ஏ, டி, ஜி, சி என்ற நாலு எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப வரும். இடைவெளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது.

ஒரு மரபணு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, என்ன வேலை செய்கிறது? மென்பொருள் ஒரு யோசனை சொல்லும். ‘அது சொல்வது சரியா’ என்று மாணவர்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, விவாதித்து, ஆதாரத்தோடு முடிவெடுக்க வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட மரபணுக்களின் வேலை என்ன என்று உலகில் யாருக்குமே தெரியாது. ‘தெரியாது’ என்று எழுதுவதும் இங்கே சரியான விடைதான்! முடிந்ததும் அந்த வரிசை ‘ஜென்பேங்க்’ என்ற பொதுத் தரவுத்தளத்துக்குப் போகும். எந்த நாட்டு விஞ்ஞானியும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஃபேஜ்கள் ஃப்ரீஸரில் பத்திரமாக இருக்கும். இதுவரை 20,000-க்கும் மேல் சேர்ந்துவிட்டன.

லண்டனிலிருந்து வந்த கேள்வி

‘சரி, இதையெல்லாம் சேர்த்துவைத்து என்ன பயன்?’ இந்தக் கேள்விக்கு 2017-ன் கடைசியில் ஒரு பதில் கிடைக்கத் தொடங்கியது.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் இருந்து ஹாட்ஃபுல்லுக்கு ஒரு கோரிக்கை வந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயால் நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட இரண்டு இளம் நோயாளிகள். இருவருக்கும் ‘மைக்கோபாக்டீரியம் அப்செசஸ்’ தொற்று. மருந்து எதற்கும் அடங்கவில்லை. ‘உங்கள் ஃப்ரீஸரில் இதைக் கொல்லும் ஃபேஜ் ஏதாவது இருக்கிறதா?’

தேடல் தொடங்கியது. ஒருவர், பொருத்தமான ஃபேஜ் கிடைப்பதற்குள் இறந்துபோனார். இன்னொருவரான அந்தப் பெண்ணின் கிருமிக்கு மூன்று ஃபேஜ்கள் தேறின. ‘மடி’, ‘ஸோயிஜே’, ‘பிபிஎஸ்’. இதில் ‘மடி’ இயல்பிலேயே கிருமியை உடைக்கும் ரகம். மற்ற இரண்டும் பாக்டீரியாவுக்குள் போய்த் தூங்கிவிடக்கூடியவை. தூங்கவைக்கும் மரபணுவை நீக்கி அவற்றை விழிக்கவைத்தார்கள்.

இங்கே ஒரு சின்ன ஆச்சர்யம். அப்படி மரபணுவைத் திருத்தப் பயன்பட்ட கருவி, ‘சே-9சி’ என்ற இன்னொரு ஃபேஜின் இரண்டு மரபணுக்களிலிருந்து உருவாக்கப்பட்டது. அந்த ‘சே’ என்பது வேறொன்றுமில்லை, நம்ம சென்னை! அங்கே கண்டெடுக்கப்பட்ட ஃபேஜ் அது. டர்பன் கத்திரிக்காயும் சென்னை ஃபேஜும் லண்டனில் ஒரே பெண்ணுக்காகக் கைகோத்திருக்கின்றன.

ஒரு டோஸில் ஒவ்வொரு வகையிலும் 100 கோடி ஃபேஜ்கள், நாளுக்கு இரண்டு வேளை, ரத்தத்தில். சில மாதங்களில் நெஞ்சில் ஆறாமல் இருந்த அறுவைக் காயம் மூடியது. தோலில் இருந்த கட்டிகள் பெரும்பாலும் மறைந்தன. கல்லீரலின் செயல்பாடும் தேறியது. தொற்று முழுதாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவர் வீட்டுக்கும் இயல்பு வாழ்க்கைக்கும் திரும்பினார். 2019-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் இது வெளியானது.

அப்போ, இதுதான் அடுத்த ஆன்டிபயாடிக்கா?

அவசரப்படாதீர்கள். ஃபேஜ் ரொம்பவும் ‘செலக்டிவ்’. ஒருவரின் கிருமியைக் கொல்லும் ஃபேஜ், அதே பெயருள்ள கிருமி இருக்கும் இன்னொருவருக்கு வேலை செய்யாமல் போகலாம். 2022-ல் வெளியான அறிக்கையில், இதுபோன்ற தொற்றுக்கு ஃபேஜ் கொடுக்கப்பட்ட 20 பேரில் 11 பேருக்குப் பலன் தெரிந்தது. மீதிப் பேருக்குத் தெளிவான பலன் இல்லை. இவர்கள் எல்லோருமே வேறு வழியில்லாதவர்கள் என்பதால் 11 என்பது பெரிய எண்தான். ஆனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கட்டத்துக்கு இது வரவில்லை. ஆகவே, டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு ஃபேஜைத் தேட வேண்டாம், ப்ளீஸ்!

ஆளுக்கு ஆள் கிருமி மாறுகிறது என்பதாலேயே, இந்த ஃப்ரீஸரில் எவ்வளவு வகை இருந்தாலும் போதாது. அதனால்தான் முதல் வருட மாணவர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு பிடி மண்ணும் கணக்கில் வருகிறது.

மாணவர்களுக்கு என்ன லாபம்?

2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. வழக்கமான பிராக்டிக்கல் வகுப்பில் படித்தவர்களைவிட, ஃபேஜ் வேட்டையில் சேர்ந்தவர்கள் ‘இது என் ஆராய்ச்சி’ என்று அதிகம் உணர்ந்தார்கள். அறிவியலில் தொடரும் விருப்பமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. பெண், ஆண், வசதி உள்ளவர், இல்லாதவர், முன்பு நன்றாகப் படித்தவர், சுமாராகப் படித்தவர் என்று எந்தப் பிரிவிலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் பெஞ்ச்சுக்கு மட்டுமான பாடம் இல்லை இது.

டர்பன் மாணவி கத்திரிக்காயைத் தொட்ட நாளில், லண்டன் பெண் ஒரு சிறுமி. ஒருவரை ஒருவர் தெரியாது. ‘இது யாரைக் காப்பாற்றும்’ என்று கேட்டிருந்தால் அன்று யாரிடமும் பதில் இருந்திருக்காது. அந்தப் பதில் இல்லாமலேயே ஒரு மாணவியை நம்பி ஆய்வகக் கதவைத் திறந்துவிட்டார்களே, அதுதான் விஷயம்.

உங்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்து, அறிவியல் படிக்கக் கிளம்பும் பிள்ளை இருக்கிறதா? கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ‘லேப் இருக்கா’ என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ‘விடை தெரியாத கேள்வி ஒண்ணை எங்க பிள்ளைக்குக் கொடுப்பீங்களா?’ என்றும் கேட்டுப் பாருங்கள்.