மீன்தொட்டியில் மின்சாரம்

கண்ணாடித் தொட்டியினுள் பொன்மீன்கள் உலாவுதலைக் கண்டு களியாத பிள்ளைகள் உளரோ? நம் வீட்டுக் கூடத்திலும் அத்தகைய தொட்டியொன்று உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை அதனைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த நம் இல்லாள், "இஞ்சை பாருங்கோ, தண்ணி சுள்ளெண்டு கடிக்குது" என்று கையை உதறினாள். நாம் சென்று விரலை நீரில் இட்டோம், ஒன்றும் தோன்றவில்லை. மின்சாரமாயின் மீன்களன்றோ முதலில் மாண்டிருக்கும் என்று கூறி நகைத்தோம். பௌதிகம் கற்பிக்கும் நமக்கு அந்நகைப்பு இன்றும் வெட்கம் தருகின்றது. நம் காலில் இறப்பர்ச் செருப்பு இருந்தது. அவளோ ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்றாள்!

மறுநாள் செருகியைக் கழற்றிவிட்டு ஆராய்ந்தபோது, நீரினுள் அமிழ்ந்திருந்த பம்பியின் வயர் உறையிலே மயிரிழை போன்ற வெடிப்பொன்றைக் கண்டோம். வெடிப்பு சிறிதாகையால் கசிவும் சிறிதாயிற்று. அது அகன்றிருப்பின் நிகழ்வது யாது? ஈரமான உடலின் தடையை ஏறக்குறைய 1000 ஓம் எனக் கொள்வோம். நம் வீடுகளின் மின்னழுத்தம் 230 உவோற்று. ஆகவே 230 மில்லியம்பியர் உடலூடு பாயும். இருதயத்தின் ஒழுங்கைக் குலைக்க அதில் பாதியே போதும்.

மீன்கள் பிழைத்தமைக்குக் காரணம் எளிது. மின்கம்பியில் அமர்ந்த காகத்திற்கு ஊறில்லையன்றோ? மரப்பீடத்தின் மேலிருந்த தொட்டியின் நீர் முழுவதும் ஒரே அழுத்தத்தில் நின்றது. மின்னோட்டம் நிலத்தை அடைய வழியில்லை. அவ்வழியை அமைத்துக் கொடுத்தது இல்லாளின் கை.

அமெரிக்காவிலே, பேர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாள்ஸ் டால்சியல் என்பார் தொண்டர்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தவர். பற்றிய கம்பியை விடவொட்டாது கை இறுகும் மின்னோட்டம் ஆடவர்க்குச் சராசரி 16 மில்லியம்பியர் என்றும், பெண்டிர்க்கு 10.5 என்றும் அவர் கண்டார். சிறு கசிவையும் உணர்ந்து மின்னை அறுக்கும் கருவியொன்றை 1961இல் ஆக்கியவரும் அவரே. நம் வீடுகளில் ரிப் சுவிச் என வழங்குவது அவ்வகையினதே. செல்லும் மின்னோட்டமும் மீளும் மின்னோட்டமும் 30 மில்லியம்பியர் வேறுபட்டால் அது இமைப்பொழுதில் விழும். உருகியை நம்பிப் பயனில்லை. 5 அம்பியர் என்பது 5000 மில்லியம்பியர் அல்லவா?

இனி, நீரினுள் ஓர் உலோகக் கோலை இட்டு அதனைப் புவிக்கம்பியுடன் தொடுக்கலாமோ என மாணவரொருவர் வினவினார். நல்ல வினா. ரிப் சுவிச் உள்ள வீட்டில் தொடுக்கலாம். கசிவு கோல் வழியே நிலஞ்சென்று, எவரும் கையிடுமுன்பே சுவிச்சை விழுத்தும். துருப்பிடியாத தைத்தானியக் கோல் தக்கது. சுவிச் இல்லாத வீட்டிலோ அக்கோல் தீங்கே பயக்கும். உருகி எரியாதாகையால் கசிவு ஓயாது நீரூடு பாயும். இப்பொழுது மீன்களும் தப்பா. அன்றியும், மேலுள்ள விளக்கின் தகட்டு மூடியில் மின் ஏறியிருப்பின், ஒரு கை அதிலும் மறுகை நீரிலுமாக நிற்பவரின் மார்பூடு அது செல்லும்.

வயர் குதைக்குச் செல்லுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேறவேண்டும். வழியும் நீர் வளைவிலே சொட்டிவிடும். காற்றுப் பம்பியை நீர்மட்டத்திற்கு மேலே வைத்தல் நன்று. மின்வெட்டு வேளையில் குழாய் வழியே நீர் பின்னோக்கி அதனுள் இறங்கக்கூடும். நுவரெலியா போன்ற குளிர் நாட்டார் வெப்பமாக்கியையும் மறத்தலாகாது. கண்ணாடிக் குழாய் சூடாக இருக்கையில் நீர் குறைந்தால் வெடிக்கும்.

நம் வீட்டில் இப்பொழுது மாதப்பிறப்புத்தோறும் ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்துவது கடைசி மகளின் பொறுப்பு. தொட்டி கழுவும் நாளில் இல்லாள் செருகிகளையெல்லாம் கழற்றி மேசைமேல் அடுக்கிவிட்டே கையிடுகின்றாள்; நம்மையும் செருப்பைக் கழற்றிவிட்டு உதவ அழைக்கின்றாள்.