அட்டை சுமந்த அபவாதம்

சர்வர் அறை விசாரணைகள் – 7

வலைத்தொடர்பு அறுந்துபோன ஒரு லினக்ஸ் சர்வரை, முதலில் கேபிளும் லிங்க் லைட்டும், அடுத்து பிசிஐ பட்டியலில் நெட்வொர்க் கார்டும் அதற்கு நேரே டிரைவரின் பெயரும், பிறகு கெர்னல் லாக், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஐபி முகவரியும் ரூட்டும் என்று கீழிருந்து மேலாகப் பரிசோதிக்க வேண்டும் என்னும் கிரமத்தைச் சென்ற இதழில் விவரித்தோம். இந்தக் கிரமத்தை வழுவாமல் அனுசரிப்பவருக்குக் கோளாறு தென்படும் ஸ்தானம் அநேகமாக அகப்பட்டுவிடும். ஆனால், தென்படும் ஸ்தானமே அது உற்பத்தியான ஸ்தானமும் ஆகும் என்று அவசரப்பட்டு நிச்சயித்துவிடுவது எவ்வளவு பெரிய பிசகு என்பதற்கு, 2008-ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு சம்பவத்தைக் காட்டிலும் தக்க திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

கெர்னலின் 2.6.27 பதிப்பு வெளிவருமுன் பரீட்சார்த்தமாகப் பலர் கைக்குப் போயிருந்த அந்நாட்களில், இன்டெல் நிறுவனத்தின் சிலவகை ஈத்தர்நெட் சாதனங்கள் திடீரென்று செயலற்றுப் போயின. பிசிஐ பட்டியலில் சாதனம் இருக்கிறது. ஆனால் அதற்குரிய இ1000இ டிரைவரோ, என்விஎம் செக்சம் செல்லாது என்று லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அதை ஏற்க மறுத்து விலகிக்கொள்கிறது. பழைய கெர்னலுக்குத் திரும்பியும் பயனில்லை. சிஸ்டம் முழுவதையும் புதிதாக நிறுவியும் பயனில்லை.

என்விஎம் என்பது, மின்சாரம் நின்றாலும் அழியாமல், சாதனத்தின் 48 பிட் மேக் முகவரியையும் இதர அமைப்புகளையும் காத்து வைத்திருக்கும் நினைவகமாகும். அதன் முதல் 64 சொற்களையும் கூட்டினால், 16 பிட் கணக்கில் 47802 வரவேண்டும் என்பது இன்டெல் வகுத்த விதி. கூட்டிப் பார்த்த டிரைவருக்கு வேறு எண் கிடைத்ததால்தான் அது மறுத்தது. அந்த நினைவகத்தில் எழுதும் உரிமை படைத்தது அந்த டிரைவர் ஒன்றே என்று பலரும் நம்பியிருந்தமையால், பழியும் அதன் தலையிலேயே விழுந்தது. சிலர் வரைகலை டிரைவரையும் சந்தேகித்தார்கள். என்விஎம்மில் எவரும் எழுதவொண்ணாதபடி இ1000இ-யில் ஒரு பூட்டு போடப்பட்டு, அக்டோபர் 9-ஆம் தேதி 2.6.27 வெளியாயிற்று. ஆயினும் மூலகாரணம் அப்போதும் மறைந்தே இருந்தது.

நடந்தது இதுதான். கெர்னலின் செயற்கூறுகள் ஓடும் விதத்தைப் பின்தொடர்ந்து பார்ப்பதற்காகப் புதிதாகச் சேர்க்கப்பட்ட எஃப்டிரேஸ் என்னும் கருவி, ஒவ்வொரு கூற்றின் தொடக்கத்திலும் உள்ள ஒரு கட்டளையின் முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் அங்கே போய் அதைத் திருத்தும். தொடக்க வேலை முடிந்ததும் விடுவிக்கப்படும் நினைவகப் பகுதிகளின் முகவரிகளும் அந்தக் குறிப்பில் தங்கிவிட்டன. குடியிருந்தவர் காலிசெய்துவிட்டுப் போனது தெரியாமல், பழைய விலாசச் சீட்டோடு வந்து புதுக் குடித்தனக்காரர் வீட்டுச் சுவரில் வெள்ளையடிப்பவனைப் போல, எஃப்டிரேஸும் அங்கே சென்றது. அந்த விலாசத்திலோ அப்போது இன்டெல் சாதனத்தின் என்விஎம் வந்து அமர்ந்திருந்தது.

எஃப்டிரேஸ் முன்ஜாக்கிரதை இல்லாமலும் இல்லை. எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மட்டுமே மாற்றும் ஒப்பீட்டுக் கட்டளையைத்தான் அது பிரயோகித்தது. எனினும் எக்ஸ்86 பிராசஸரில், ஒப்பீடு தோற்றாலும் அக்கட்டளை பழைய மதிப்பையே மறுபடி எழுதிவிடும். சாதாரண நினைவகத்தில் இதனால் யாதொரு ஹானியும் இல்லை. என்விஎம்மிலோ, எழுதும் செயல் எதுவாயினும் அது ஒரு புது உத்தரவாகவே கொள்ளப்படும். அடுத்து வந்த 2.6.27.1 பதிப்பில் எஃப்டிரேஸின் இந்தத் திருத்தும் வசதி முடக்கப்பட்டது.

லாக் பொய் சொல்லவில்லை. காயம் எங்கே என்பதைச் சரியாகவே சொன்னது. காயப்படுத்தியது யார் என்ற கேள்விக்கு அந்த ஒரு வரியிலேயே விடை இருப்பதாக நினைத்ததுதான் நம்மவர் செய்த பிழை. ஆகவே, கெர்னலை மாற்றியபின் ஒரு கார்டு மடிந்தால், டிரைவரோடு கூட அந்த மாற்றத்தில் வேறு எவையெல்லாம் புதிதாக வந்தன என்பதையும் விசாரிப்பது விவேகம். மாற்றுவதற்கு முன்பே ஈத்டூல் என்னும் கருவியின் துணையால் என்விஎம்மின் பிரதியொன்றை வேறு கணினியில் சேமித்து வைப்பது அதனினும் விவேகம். அன்று அப்படிப் பிரதி வைத்திருந்தவர்களுக்குக் கார்டை மீட்கும் மார்க்கம் இருந்தது.

டிரைவர் சரியாக இருந்தும் அதற்குரிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமையால் மௌனமாகிவிடும் கார்டுகளைப் பற்றி அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)